ஏழு வருசத்துக்கு வருவோம்

மாகறலில் பாஞ்சாலியைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் அவள் வீட்டைக் காட்ட மாட்டார்கள். எந்த வயலில் சத்தம் அதிகமாக இருக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள் என்பார்கள். அவள் நடவு மேஸ்திரி. பதினாலு பெண்கள் அவள் கையில் இருந்தார்கள். செய்யாற்றுக் கரையோரம் யாருக்கு நடவு ஆள் வேண்டுமென்றாலும் முந்தின நாளே வந்து பாஞ்சாலியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் விடிந்ததும் டிராக்டர் டிரெய்லரில் பதினைந்து பேரும் ஏறிக்கொண்டால், அந்த வண்டி போகிற வழியில் இருக்கிற ஊரெல்லாம் எழுந்துகொள்ளும். பாஞ்சாலி சிரித்தால் வரப்பில் நிற்கிற கொக்கு எழுந்து பறக்கும்.

அவர்களுக்கென்று ஒரு நடவுப் பாட்டு இருந்தது. முடியாகக் கட்டிய நாற்றை வீசிக்கொண்டே பாஞ்சாலி கேள்வி கேட்பாள். குனிந்த தலை நிமிராமல் மற்றவர்கள் பதில் சொல்வார்கள்.

"நாத்து முடி எங்கே?"

"இந்தா கீது, இந்தா கீது!"

"நம்ம பொண்ணு எங்கே?"

"இங்க கீறேன், இங்க கீறேன்!"

அவ்வளவுதான் பாட்டு. நடுவில் யாரையாவது கிண்டல் பண்ணி ஒரு வரி சேர்ப்பார்கள். நிலத்துக்காரர் வரப்பில் நின்று முறைத்தால் அவரைப் பற்றியே இரண்டு வரி போடுவார்கள்.

பாஞ்சாலிக்குச் செல்லம்மாள் என்று ஒரு தங்கை இருந்தாள். எண்பத்தெட்டில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ரைஸ் மில்லில் வேலை. நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு மொபெட் வாங்கித் தருவதாகப் பாஞ்சாலியின் அப்பா வாய் விட்டுச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. வண்டி வாங்க முடியவில்லை. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அதற்குப் பிறகு செல்லம்மாளைப் பார்க்கப் போகலாம் என்று அம்மா கிளம்பும்போதெல்லாம் அப்பா தடுத்துவிடுவார்.

"வண்டி வாங்கித் தராம எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்தத் தெருவுல நடக்கச் சொல்ற?"

அம்மா போகவில்லை. பாஞ்சாலியும் போகவில்லை. அடுத்த ஒரு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் மாகறலிலிருந்து ஒரு ஆள்கூடப் போகவில்லை. தொண்ணூறாம் வருஷம் மாசியில் சேதி வந்தது. தண்ணீர் சேந்தும்போது கிணற்றில் தவறி விழுந்து செல்லம்மாள் செத்துப்போனாளாம். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணறுகளில் பல்டியடித்துக் குளித்தவள் அவள் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிச் செத்தால் ஆர்.டி.ஓ. வந்து விசாரிக்க வேண்டும். அவரும் வந்தார். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொறுமையாகத்தான் கேட்டார்.

"சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அந்தப் பொண்ணை அடிச்சதையோ, வண்டி கேட்டுத் திட்டினதையோ உங்கள்ல யாராவது பார்த்தீங்களா? உங்ககிட்ட எதுவும் சொல்லிச்சா?"

யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்த்திருப்பார்கள்? அக்கம்பக்கத்துக்காரர்கள் எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்தார்கள்.

வழக்கு நான்கு வருஷம் இழுத்தது. கடைசியில் மாப்பிள்ளையையும் அவன் அம்மாவையும் விட்டுவிட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வராந்தாவில் பாஞ்சாலி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரசு வக்கீலுக்கு உதவியாக வந்திருந்த ஸ்ரீரஞ்சனி என்ற இளம் வக்கீல் பக்கத்தில் வந்து நின்றாள். காஞ்சிபுரம் சன்னதித் தெருப் பெண். அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தாள்.

"ஏன்மா உட்டுட்டாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுமா" என்றாள் பாஞ்சாலி.

"சட்டம் மூணு விஷயம் கேக்கறது, பாஞ்சாலி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள செத்திருக்கணும். அது இருக்கு. இயற்கையா இல்லாத சாவா இருக்கணும். அதுவும் இருக்கு. மூணாவது, சாவுக்குச் சற்று முன்னாடி வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தினாங்கன்னு காட்டணும். மூணையும் காட்டிட்டா, நாங்க பண்ணலைன்னு அவங்கதான் நிரூபிக்கணும். உங்க தங்கச்சி கேஸ்ல அந்த மூணாவதைச் சொல்ல ஒரு ஆள் இல்ல."

"நாங்கதான் போவவே இல்லியே."

"ஏன் போகல?"

"வெக்கம். வண்டி வாங்கித் தரலன்னு எங்க நைனாவுக்கு வெக்கம்." பாஞ்சாலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அந்த வெக்கந்தான் அவங்கள வெளில உட்டுச்சா?"

ஸ்ரீரஞ்சனி பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாஞ்சாலி அழுதுகொண்டே வந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு டீ குடித்தாள். டீ குடிக்கும்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. மாகறல் காலனியிலிருந்து இந்த ஏழு வருஷத்துக்குள் கல்யாணமாகிப் போன பெண்கள் யார் யார்? எங்கெங்கே இருக்கிறார்கள்? ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தாள். அதில் பாதிப் பேரைத் தலை தீபாவளிக்குப் பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் வயலில், நாஷ்டா நேரத்தில், வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னாள்.

"இனிமே நம்ம பொண்ணுங்க வாக்கப்பட்ட ஊர்ல நடவு வந்தா உடறதில்ல. கூலி கம்மின்னாலும் போறோம். வேல முடிஞ்சதும் நேரா அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போறோம்."

"எதனா வாங்கிக்கினு போவணுமேக்கா" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணும் வாங்கக்கூடாது. வெறுங்கையோட போவணும். வாங்கிக்கினு போனாதான் அடுத்த தபா வாங்க முடியலன்னு வெக்கம் வரும். சேத்துக் காலோட போவோம். தண்ணி கேப்போம், உக்காருவோம், பொண்ணப் பாப்போம், எழுந்து வருவோம்."

"சொல்லாம கொள்ளாமயா?"

"சொல்லிட்டுப் போனா பொண்ணுக்குப் புதுப் பொடவ கட்டி உக்கார வச்சிருப்பாங்கடி!"

எல்லாரும் சிரித்தார்கள். வேலை நடந்தது. அவ்வளவு சுலபமாகத்தான் அது தொடங்கியது.

முதலில் போன மூன்று வீடுகளில் ஒரு தொந்தரவும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்களைவிட அதிகமாக உபசரித்தார்கள். ஒரு மாமியார் எல்லோருக்கும் வடை சுட்டுப் போட்டாள். பதினைந்து பேருக்கு வடை சுட்டதில் அந்த வீட்டு எண்ணெய்ச் செம்பு காலி. நாலாவது வீடுதான் ரேவதியின் வீடு.

ரேவதி பாஞ்சாலியின் பக்கத்து வீட்டுப் பெண். தொண்ணூற்றைந்து வைகாசியில் பெருநகரில் வெங்கடேசன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். அப்பா இல்லை. வீட்டில் அவன் அம்மா கோவிந்தம்மாளின் ராஜ்யம். கோவிந்தம்மாளுக்கு ஆதிலட்சுமி என்று பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தியும் இருந்தாள். ஊர்க்காரர்கள் கோவிந்தம்மாளின் வாயைக் கண்டு ஒதுங்கிப் போவார்கள்.

ஆவணியில் பெருநகரில் நடவு வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு, முழங்கால்வரை சேறு காய்ந்த பதினைந்து பெண்கள் கோவிந்தம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"யாருடி நீங்க?" என்றாள் கோவிந்தம்மாள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க, சம்பந்தியம்மா. கொஞ்சம் தண்ணி குடுங்க."

"பதினஞ்சு பேரா?"

"இன்னும் நெறைய பேர் கீறாங்க. டிராக்டர்ல எடம் பத்தல."

ரேவதி உள்ளேயிருந்து வந்தாள். "பெரிம்மா!" என்று கூப்பிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. பாஞ்சாலி அதைப் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. இரண்டு தெரு தாண்டிக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ரேவதி! கை இன்னாத்துக்கு வீங்கி கீது?"

எதிர் வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"வழுக்கி வுழுந்துட்டா" என்றாள் கோவிந்தம்மாள்.

"எங்க வுழுந்தா, எப்ப வுழுந்தா, யாரு தூக்கி உட்டீங்க? நாங்க தெரிஞ்சி வச்சிக்கணும், சம்பந்தியம்மா. பின்னால ஆர்.டி.ஓ. கேட்டா நாங்கதான சொல்லணும்."

"ஆர்.டி.ஓ.வா? அவரு ஏன் இங்க வர்றாரு?"

"வரவேணாம்னுதான் நாங்க வர்றோம். கல்யாணம் ஆயி ஏழு வருசத்துக்குள்ள எங்க பொண்ணுக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னா அவரு வருவாரு. இன்னாத்த பாத்தீங்கன்னு கேப்பாரு. எங்க தங்கச்சிக்குக் கேட்டாரு, எங்களுக்கு ஒண்ணும் தெரில. அத்தொட்டுதான் இந்த தபா எல்லாத்தையும் பாத்து வச்சிக்கறோம். ஏழு வருசத்துக்கு வருவோம்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு தண்ணீர் குடித்தார்கள். ரேவதியை நடுவில் உட்கார வைத்துத் தலை வாரிப் பின்னிவிட்டார்கள். ஊர்க்கதை பேசினார்கள். கிளம்பும்போது நடவுப் பாட்டைப் பாடினார்கள். "நம்ம பொண்ணு எங்கே?" என்று பாஞ்சாலி கேட்டதும் ரேவதி கண்ணில் தண்ணீரோடு, "இங்க கீறேன், இங்க கீறேன்" என்றாள். உள்ளே ஜன்னல் பக்கம் நின்றிருந்த ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மொபெட் கேட்டுக் கோவிந்தம்மாள் முறுக்கியதில்தான் அந்தக் கை வீங்கியது என்று அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த மொபெட்டைக் கேட்காத மாப்பிள்ளை வீடே அந்தப் பக்கத்தில் இல்லை போலிருந்தது.

இரண்டாவது தடவை போனபோது கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது தடவை கதவைச் சாத்திவிட்டாள். பாஞ்சாலி கொஞ்சமும் கோபப்படவில்லை. தெருவிலேயே எல்லோரையும் உட்காரச் சொன்னாள். பாட்டு தொடங்கியது. தெரு கூடிவிட்டது. எதிர் வீட்டுக்காரர்கள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரோ ஒருவர் பாய் கொண்டுவந்து விரித்தார். சைக்கிள் கடையிலிருந்து திரும்பிய வெங்கடேசன் தன் வீட்டு வாசலில் திருவிழா நடப்பதைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றான்.

"வாங்க மாப்ள, உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?" என்றாள் பாஞ்சாலி. அவன் வாசலில் அவனையே உபசரித்தாள்.

வெங்கடேசன் கெட்டவன் அல்ல. அம்மாவுக்குப் பயந்தவன். அன்று அவன் கதவைத் தட்டிச் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. "யம்மா, கதவத் தொற! எனக்கு வண்டியே வேணாம். சைக்கிள் கடைக்காரன் சைக்கிள்ல போனா யாரும் சிரிக்கமாட்டான். இந்தப் பேஜார்தான் என்னால தாங்க முடில!"

கதவு திறந்தது. அதற்குப் பிறகு ரேவதியின் கை வீங்கவில்லை.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாதம் ஒரு தடவை வாசலில் வந்து சத்தம் போடுகிற இந்தக் கூட்டத்தைக் கோவிந்தம்மாளுக்குப் பிடித்துப்போக ஆரம்பித்தது. அவள் இளம் வயதில் கணவனை இழந்தவள். வாயைக் கண்டு ஊர் ஒதுங்கியதில் அவளிடம் வந்து உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடையாது. இவர்களோ அவள் எவ்வளவு திட்டினாலும் வந்து உட்கார்ந்தார்கள். திட்டினால் அதையே பாட்டில் சேர்த்தார்கள். இரண்டாவது வருஷம் அவள் பெரிய பானையில் கூழ் காய்ச்சி, மோர் கரைத்து, வெங்காயம் உரித்து வைத்துக் காத்திருந்தாள்.

"போன மாசம் ஏன்டி வரல?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் நடவு இல்ல சம்பந்தியம்மா."

"நடவு இல்லன்னா இன்னா, பஸ்ஸு இல்லியா? காச்சின கூழு எல்லாம் மாட்டுக்குதான் ஊத்தனேன்."

பாஞ்சாலி அன்று வீட்டுக்கு வந்து தன் புருஷன் வீராசாமியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அந்தம்மா மேல கோவமே வர மாட்டேங்குதுய்யா" என்றாள் ஆச்சரியமாக.

தொண்ணூற்றொன்பதில் ஆதிலட்சுமிக்குக் கல்யாணம் ஆனது. செய்யாற்றுக்குத் தெற்கே வசதியான குடும்பம். கல்யாணத்தில் பதினைந்து பேரும் பந்தி பரிமாறினார்கள். மறு வருஷம் புரட்டாசியில் ஒரு நாள், மாகறல் வயலில் நடவு நடந்துகொண்டிருக்கும்போது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் தடுமாறித் தடுமாறி ஒரு உருவம் வந்தது. கோவிந்தம்மாள்.

"பாஞ்சாலி, என் பொண்ண மூணு மாசமா நான் பாக்கல."

"ஏன்?"

கோவிந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "பிரிட்ஜு தர்றேன்னு சொன்னேன். தர முடில. எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது? பூத்துலேர்ந்து போன் போட்டா, வெளில போயிருக்கான்னே சொல்றாங்க. என் பொண்ணு வூட்டுக்கும் வாங்கடி. உங்க கால்ல வுழறேன்."

பாஞ்சாலியின் கையில் நாற்று முடி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். ஒரு கணம் அவளுக்குச் செல்லம்மாள் ஞாபகம் வந்தது. பிறகு நிமிர்ந்து கத்தினாள்.

"எல்லாம் கரையேறுங்கடி!"

நிலத்துக்காரர் ஓடி வந்தார். பாதி வயல் நடவில்லையே என்றார். நாளைக்கு வந்து இலவசமாக முடித்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அவருடைய டிராக்டரிலேயே ஏறினார்கள். கோவிந்தம்மாளை இரண்டு பேர் தூக்கி டிரெய்லரில் ஏற்றினார்கள்.

அந்த வீடு பெரிய வீடு. காம்பவுண்டு கேட்டில் மாமனார் நின்றார்.

"அவ இல்ல. கோயிலுக்குப் போயிருக்கா. யாரு நீங்கெல்லாம்?"

"பொண்ணு வூட்டுக்காரங்க."

"அதான் இல்லன்னு சொல்றேன்ல. கெளம்புங்க."

பாஞ்சாலி கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். ஆள் நடமாட்டம் இல்லை. பின்பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு அறை தெரிந்தது. வெளியில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் அடிதடி ஆகிவிடும். பேசிப் பார்த்தால் பொழுது போய்விடும். அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வாயைத் திறந்து பாடினாள்.

"நாத்து முடி எங்கே?"

பதினாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். "இந்தா கீது, இந்தா கீது!"

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவில் ஆட்கள் நின்றார்கள்.

"நம்ம பொண்ணு எங்கே?"

இந்தத் தடவை பாஞ்சாலி கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. டிராக்டர் என்ஜினையும் அணைக்கச் சொன்னாள். மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. பிறகு கொட்டகைப் பக்கமிருந்து, மெலிசாக, தொண்டை காய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"இங்க கீறேன்... இங்க கீறேன்..."

கோவிந்தம்மாள் அலறிய அலறலில் தெருவே உள்ளே வந்துவிட்டது. மாமனாரை யாரும் தொடவில்லை, ஒதுங்கச் சொல்லவும் இல்லை. அவராகவே ஒதுங்கிக்கொண்டார். பாஞ்சாலி தாழ்ப்பாளைத் திறந்தாள். ஆதிலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் நின்றாள். தன் காலில் நடந்து வெளியே வந்தாள்.

"உயிரோட கீறா" என்றாள் பாஞ்சாலி. வேறு யாரிடமும் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "யம்மா, உயிரோட கீறாம்மா."

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். சாட்சி யார் என்று எழுத்தர் கேட்டதும் பதினாறு கைகள் உயர்ந்தன. காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டு ஸ்ரீரஞ்சனியையும் வரவழைத்தார்கள். இந்தத் தடவை சொல்ல ஆள் இல்லையே என்று அவள் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரே நேரத்தில் சொன்னதுதான் பிரச்னை. கணவனும் மாமனாரும் கோர்ட்டு படியேறினார்கள். ஆதிலட்சுமி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அன்று டிராக்டரில் ஊர் திரும்பியதைப் பற்றி அந்தப் பெண்கள் ரொம்ப வருஷம் பேசினார்கள். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி ஆதிலட்சுமிக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். அவள் சாப்பிடச் சாப்பிட எல்லோரும் சுற்றி நின்று, ஏதோ குழந்தை முதல் சோறு தின்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். பிறகு வண்டி கிளம்பியதும் பாட்டு. வாழ்நாளில் பாடாத கோவிந்தம்மாள் பாடினாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. "சம்பந்தியம்மா, நீ திட்டறதே நல்லா கீது" என்று பாஞ்சாலி சொன்னதும் ஆதிலட்சுமி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து கோவிந்தம்மாளும், கோவிந்தம்மாளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். டிராக்டர் ஓட்டினவர் சிரிப்பு தாங்காமல் வண்டியை ஓரம் கட்டினார்.

இரண்டாயிரத்து இரண்டு வைகாசியில் ரேவதிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் முடிந்தது. அதற்குள் இரண்டு குழந்தைகள். கோவிந்தம்மாள் கறி எடுத்து விருந்து வைத்தாள்.

"சட்டம் முடிஞ்சிபோச்சி சம்பந்தியம்மா. இனிமே நாங்க வரமாட்டோம். உன் மருமவள நீ இன்னா வேணா பண்ணிக்கோ" என்றாள் பாஞ்சாலி வாய் நிறையச் சோற்றோடு.

"நான் பண்றதா? அவதான் என்னப் போட்டு மெரட்டறா. ஏழு வருசம் எனக்கு வேணும்டி இப்ப. என்னப் பாக்க வாங்க!"

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இதற்குள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு ஊர்ப் பெண்கள் இதே மாதிரி கிளம்பியிருந்தார்கள். யாரும் சங்கம் வைக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. நடவுக் காலத்தில் நடவுக்காரர்கள் போனார்கள். நடவு இல்லாத காலத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் போனார்கள்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், வரதட்சணைச் சாவுக்கான சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு டெல்லியில் அடிபட்டது. தண்டனையைத் தூக்குவரை கொண்டுபோகலாமா என்று வக்கீல்கள் ஆங்காங்கே கூட்டம் போட்டுப் பேசினார்கள். காஞ்சிபுரத்தில் நடந்த அப்படி ஒரு கூட்டத்துக்கு ஸ்ரீரஞ்சனி பாஞ்சாலியை அழைத்துப் போனாள். பாஞ்சாலி கருநீலப் புடவை கட்டிக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தாள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத இடத்தில் பிஸ்கட் சாப்பிட்டாள்.

"தங்கையைப் பறிகொடுத்தவங்க நீங்க. தூக்கு குடுக்கலாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தலைமை தாங்கிய வயதான வக்கீல் கேட்டார்.

பாஞ்சாலி எழுந்து நின்றாள். அவள் குரல் முதல் தடவையாக அடங்கிப்போயிருந்தது.

"தொண்ணூறுல கேட்டிருந்தீங்கன்னா, குடுங்கன்னு சொல்லியிருப்பேன். நானே கயிறு கொண்டாந்திருப்பேன்." கோவிந்தம்மாளின் முகம் அவள் கண்ணில் வந்து நின்றது. "இப்ப எனக்கு ஒரு சம்பந்தி கீறாங்க. அவங்க மருமவ கைய முறுக்குனவங்கதான். அன்னிக்கு நாங்க போவாம இருந்து, அந்தப் பொண்ணு செத்திருந்தா, அவங்களத் தூக்குல போடுங்கன்னு நானே கேட்டிருப்பேன். இன்னிக்கு அவங்க எனக்குக் கூழு காச்சி வச்சிக்கினு ஒக்காந்திருப்பாங்க. அத்தொட்டு எனக்கு ஒண்ணும் தெரில, ஐயா. ஒண்ணே ஒண்ணு. அந்த 'சாவுக்குச் சற்று முன்னாடி'ன்றது. அத எடுத்துட முடியாதா?"

"எடுத்துட்டா, எப்பவோ நடந்த சண்டையை வச்சு, எந்தச் சாவையும் யார் தலையிலும் கட்டிடலாமே அம்மா. தப்பு பண்ணாதவனும் உள்ளே போவான்" என்றார் அவர் அன்பாக.

பாஞ்சாலி யோசித்தாள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி பட்டது. "அதுவும் சரிதான்" என்றாள். "ஆனா எத்தினி நாளுன்னாச்சும் நல்லா வெளக்கி எழுதுங்க. சாட்சி சொல்ல வர்றவங்கள ஓட உடாதீங்க. சட்டம் செத்த பெறவுதான வருது? அதுக்கு முன்ன நாங்க போய்க்கினுதான் இருப்போம்." பிறகு உட்காரப் போனவள் மறுபடி எழுந்தாள். "அந்த ஏழு வருசத்த மட்டும் கொறச்சிடாதீங்க. எங்களுக்குப் பழகிப்போச்சி."

அரங்கம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். ஸ்ரீரஞ்சனி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் தன் வீட்டுக்கே அழைத்துப்போனாள். பாஞ்சாலி இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இரண்டாயிரத்து எட்டில் பாஞ்சாலியின் மகள் சௌமியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடும்பம். பையன் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். பாஞ்சாலி அவ்வளவு படபடப்பாக இருந்து வீராசாமி பார்த்ததே இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. பஜ்ஜி ஒரு பக்கம் கருகிவிட்டது.

எல்லோரும் உட்கார்ந்ததும் பையனின் அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நாங்க ஒண்ணு கேப்போம். நீங்க தப்பா நெனைக்கக்கூடாது."

சௌமியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பாஞ்சாலியின் முகம் இறுகியது. எழுந்து போகச் சொல்லிவிடலாம் என்று அவள் கை முந்தானையை இழுத்துச் செருகியது.

"கேளுங்க" என்றாள்.

"கல்யாணத்துக்கு அப்பறம் நீங்கெல்லாம் எத்தினி பேரு வருவீங்க?"

"எங்க வருவோம்?"

"எங்க வூட்டுக்குதான். மாசாமாசம். ஊரே சொல்லுதே! எங்க வூட்ல பெரிய பானை கெடையாது. எத்தினி பேருன்னு சொன்னா இப்பவே ஒண்ணு வாங்கி வச்சிடுவேன்."

பாஞ்சாலி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வாசலில் கருகின பஜ்ஜியைக் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. பையனின் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சௌமியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"பெரிசாவே வாங்கிடுங்க, சம்பந்தியம்மா" என்றாள் பாஞ்சாலி. "பெருநகர்லேர்ந்து ஒருத்தி வருவா. அவ தனியா ரெண்டு ஆளு சாப்பாடு சாப்புடுவா."